உப்பில்லாக் கருவாடு

தின்பதற்கென்றே பிறந்த என் அண்ணனுக்கு,

நீ போய் மூன்று மாதம் தாண்டிவிட்டது. இங்கே, நோர்வேயின் வடக்கு மூலையில், பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. விடுதி ஜன்னலால் பார்த்தால் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். நடக்க இருப்பது ஒரே பாதை, அதுவும் கடையடியில் முடிந்துவிடுகிறது.

ஒரு வருடப் படிப்பு, அவளாவது தப்பட்டும் என்று அம்மாவோடு மல்லுக்கட்டி என்னை அனுப்பியவன் நீதான். நீ நம் ஊரான பழுகாமத்திலேயே நின்றுகொண்டாய். நான் தப்பினேனா, அகப்பட்டேனா? இன்னும் விளங்கவில்லை. இந்த விசாவோடு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாதாம். வராதே என்று அம்மாவும் அப்போதே சொல்லியனுப்பிவிட்டார். உன் முகத்தைப் பார்க்காமலே எல்லாம் முடிந்துவிட்டது, அண்ணா.

ஷெல் விழுந்ததையும் பாதை பூட்டியதையும் ஒரு வரியில் முடித்துவிட்டு, "மறுகா, என்ன திண்டாய் புள்ள?" என்று கேட்டு அரைப்பக்கம் எழுதுவாய். வாவியில் தோணி இறக்கக் கூடாது என்று தடை வந்தபின் அந்த அரைப்பக்கம் ஒரு பக்கமாயிற்று. வலை வீசிய கை பருப்பும் சோறும் பிசைந்துகொண்டிருந்தால் வேறு எதைப் பற்றி எழுதும்?

நான் என்ன தின்றேன்? பாணும் ஜாமும். நீ கட்டித் தந்த மிளகாய்த்தூளைக் கிழங்கின் மேல் தூவி அதையும் தீர்த்தேன். மற்றவர்கள் தின்ற மீனை எட்டியும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் தடித்தடியாய்த் தொங்கும் மீனை இவர்கள் உப்பே போடாமல் காயவைக்கிறார்கள் என்று உனக்கு எழுதினேன். வந்ததே பதில்!

"உப்பில்லாமக் கருவாடா? பொய் சொல்லாத. உப்பில்லாப் பண்டம் குப்பையில எண்டு தெரியாதா உனக்கு? சோத்துக்கு உப்புப் போடவே தெரியாதவள், கருவாட்டைப் பத்தி எழுத வந்திட்டாள்."

இரண்டு வயது மூப்பு உனக்கு. வாய் மட்டும் இருபது வயது மூப்பு.

அடுத்து வந்ததுதான் உன் கடைசிக் கடிதம். "அந்த ஊர்ச் சாப்பாட்டைத் தின்னாம அந்த ஊர்ல என்னண்டு இருப்பாய் புள்ள? எனக்காக ஒருக்கா வாயில வைச்சுப் பாரு. மறுகா எழுது. ஒண்டும் விடாம எழுது."

எனக்காக என்று நீ எழுதியதால்தான் அந்தச் சமையலறைக்குள் போனேன். அங்கே சமைக்கிற இங்கிரிட் அம்மா பருத்த பெண், சிரித்தால் பாத்திரங்கள் அதிரும். பெரிய மீன்கள் கரைக்கு வரும் பருவம் அது. மீன் ஒரு பானையில், ஈரல் வெங்காயத்தோடு இன்னொன்றில், சினை வேறொன்றில் வெந்துகொண்டிருந்தன. தூளும் இல்லை, புளியும் இல்லை. மூன்றையும் கிழங்கோடு ஒரே தட்டில் வைத்துத் தந்தார். முள்ளுக்கரண்டியோடு போராடிப் பார்த்துவிட்டுக் கையைப் போட்டேன். ஈரலைக் கிழங்கோடு பிசைந்து ஒரு வாய் வைத்தேன். அண்ணா, தேங்காய்ப்பால் ஊற்றினதுபோல் இருந்தது!

மூன்று முறை வாங்கித் தின்றேன். இங்கிரிட் அம்மாவிடம் எல்லாம் கேட்டேன். உப்பு செய்யும் வேலையை இங்கே குளிர்காற்றே செய்துவிடுமாம். படகு வந்த வீட்டார், படகில்லாத வீட்டு வாசலில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மீனைத் தொங்கவிட்டுப் போவார்களாம். கறிக்கு என்று நீ அயலுக்குக் கொடுப்பாயே, அதேதான். அன்றைக்கே நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். வந்த நாளிலிருந்து அன்றுதான் நான் சிரித்தேன்.

அந்தக் கடிதம் போய்க்கொண்டிருந்தபோது எதிரே மற்றக் கடிதம் வந்துகொண்டிருந்தது.

உனக்குக் காய்ச்சலாம். நம் படுவான்கரையிலிருந்து வாவி தாண்டிப் புளியந்தீவு ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதை திறக்கவில்லையாம். நாலாம் நாள் திறந்தபோது உன்னை ஏற்றிப் போகவேண்டிய தேவை இருக்கவில்லையாம். உன் மனைவி, என் மச்சாள், எழுதியிருந்தாள். தேதியும் போட்டிருந்தாள்.

விரலை மடக்கி எண்ணினேன். நான் மூன்று முறை வாங்கித் தின்ற நாள், நீ போன மூன்றாம் நாள். சாவுத் துடக்கு வீட்டில் மீன்வாசமே கூடாத நாள். அம்மா தண்ணீரும் குடிக்காமல் கிடந்திருப்பார். கூடப்பிறந்தவள் நான் ஈரலைப் பிசைந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதத்தை மறித்துப் பிடிக்க முடிந்தால் கடலில் இறங்கியிருப்பேன். இங்கிரிட் அம்மா தட்டை நீட்டும்போதெல்லாம் எழுந்து போய்விடுவேன். மறுபடி பாணும் ஜாமும்தான்.

கடைசியில் அம்மாவுக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு மாதம் பதில் இல்லை. தபால்பெட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவில்தான் என் உலகம் இருந்தது.

நேற்று வந்தது. அம்மா சொல்லச் சொல்ல மச்சாள் எழுதியது.

"அவன் கேட்டுத்தானே புள்ள நீ திண்டாய். அதுக்கு ஏன் அழுறாய்? முப்பத்தோராம் நாள் படையலுக்கு மீன் வைக்க ஏலாமப் போச்சு. வாவியில ஒரு தோணி இறங்க விடல்ல. மீனில்லாம அவனுக்கு என்னத்தைப் படைக்கிற எண்டு நான் கிடந்து அழுதன். அதுக்கு முதல்நாள்தான் நீ அவனுக்கு எழுதின கடுதாசி வந்திச்சு. மச்சாள் இலைக்கு முன்னால இருந்து அதை முழுசா வாசிச்சாள். மறுகா அதை இலையிலயே வைச்சம். அண்டைக்கு அவனுக்கு வைச்ச மீன் அது மட்டும்தான் புள்ள."

இன்று மத்தியானம் இங்கிரிட் அம்மாவிடம் தட்டை நீட்டினேன். மீனில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார். அழுதுகொண்டே தின்றேன். இன்றைக்கு உப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது, கண்ணீரோ என்னவோ. ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னாயே, அதனால் இதையும் எழுதுகிறேன்.

பாதை எப்போது திறக்கும் என்று தெரியாது. திறக்கிற அன்று உப்பில்லாக் கருவாடு ஒன்றோடு வருவேன். ஊறவைத்துத் தேங்காய்ப்பாலில் காய்ச்சி உனக்கு முன்னால் வைப்பேன். படையலுக்குச் சமைத்தால் உப்புப் பார்க்கக் கூடாது அல்லவா? நான் பார்க்க மாட்டேன். கூடியதோ குறைந்ததோ, வழக்கம்போல நீயே ஏசு.

உப்புப் போடத் தெரியாத,
உன் தங்கச்சி