நீ போட்ட பென்சில் கோடுகள்

உன் வீட்டம்மா நேற்று கொடுத்த கையேட்டில் இன்னும் கிரீஸ் வாசம் அடிக்கிறது. நான் எழுதிய கையேடுதான். ஓரமெல்லாம் நீ போட்ட பென்சில் கோடுகள்.

பம்பு கம்பெனியில் நாம் இருவரும் கையேடு எழுதும் டெக்னிக்கல் ரைட்டர்கள், ஒரே மேசை. நான் எழுதியதை நானே இரண்டு தடவை படித்துவிட்டு அச்சுக்கு அனுப்புவேன். நீயோ, எழுதியதை வில்லாபுரத்தில் பாய் ஒருவர் வைத்திருக்கும் மோட்டார் பட்டறைக்குக் கொண்டுபோவாய். தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, உன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊமையாக நிற்பாய். அவர் எந்த வரியில் முழித்து நிற்கிறாரோ அங்கே பிறகு ஒரு கோடு போடுவாய். "வாயைத் தொறந்து சொல்லித் தொலையேன்டா" என்று கத்துவார். "பம்புப் பெட்டிக்குள்ள நானா வருவேன் பாய்? தாளுதானே வரும்" என்பாய்.

கையேடு எழுதுகிறவர்களுக்குச் சான்றிதழ் என்ற பேச்சு வந்தபோது என்ன சண்டை நமக்குள்! கண்டவனெல்லாம் கையேடு எழுதுகிறான், பரீட்சை வைத்தால்தான் நமக்கு மரியாதை என்றேன். "பரீட்சை எழுதுனவனுக்கு மரியாதை வரும் மாப்ள. மோட்டாரை மாட்டுறவனுக்கு என்ன வரும்?" என்று கேட்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சான்றிதழைக் கட்டாயமாக்கச் சொல்லி மேலாளரிடம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். எப்படியும் நீயும் பரீட்சை எழுதிவிடுவாய் என்று நினைத்தேன், சத்தியமாக. எழுதவில்லை. வீம்பு பிடித்தவன் நீ. உன்னைக் கீழே பேக்கிங்குக்கு மாற்றினார்கள். என் கையேடுகளைப் பெட்டிக்குள் வைப்பது உன் வேலையானது.

ஒருநாள் இந்தக் கையேட்டோடு மாடியேறி வந்தாய். மேலாளர் என் பக்கத்தில் நின்றிருந்தார். "அப்புறம் பாப்போம்டா" என்றேன். "சரி மாப்ள, வாரேன்" என்று இறங்கிப் போனாய். அதன் பிறகு ஆறு மாதம் ஒரே கட்டடத்தில் இருந்தோம். ஒரு டீ குடிக்கக்கூட நான் கீழே வரவில்லை. நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்ற செய்திதான் மேலே வந்தது.

இன்று மதியம் இதை எடுத்துக்கொண்டு பாய் பட்டறைக்குப் போனேன். அவர் கையில் கொடுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நீ முதல் கோடு போட்ட அதே வரியில் பாய் நின்றுவிட்டார்.

"இந்த எடத்துல நான் அப்பவே முழிச்சேனே. அவன் உங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லத்தான் வந்தான் பாய்" என்றேன். நான் வாங்கிய சான்றிதழ் ஆபீஸில் என் மேசைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. நான் பின்னால் கட்டிய கையை அவிழ்க்காமல் பட்டறையிலேயே நின்றேன்.