மணிக்கட்டில் ஒரு கோடு

ஏப்ரல் 16, வியாழன். காலை 9.50. எக்ஸ்ரே ரூம் வாசலில் பதினொரு பேர். ஏசி மறுபடி அவுட்.

அதில் ஒரு பெண். இடது மணிக்கட்டு, வழுக்கி விழுந்ததாம். சீட்டில் வயது 19. கூட வந்த ஆளுக்கு முப்பத்தஞ்சு இருக்கும். "மாமா, வலிக்குது" என்கிறாள். தாய்மாமன் போல என்று அவனையும் உள்ளே விட்டேன். அவசரம்.

கர்ப்பமா என்று அறிய, படத்துக்கு முன் எல்லாப் பெண்களிடமும் கேட்பதைக் கேட்டேன். "தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன்தான் சொன்னான்: "நாப்பது நாளு இருக்கும். அதெல்லாம் ஒண்ணுமில்ல, எடுங்க சார்."

தாய்மாமனுக்கு எதுக்கு இந்தக் கணக்கு?

அப்போதுதான் உறைத்தது. எங்க அம்மாவும் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடும்.

கதிர் படாமல் வயிற்றுக்கு ஈய ஏப்ரன் போட்டு எடுத்தேன். முறிவு இல்லை. ஆனால் எலும்பு நுனியில் கறுப்புக் கோடு, பளிச்சென்று. வளர்கிற எலும்பில்தான் அது இருக்கும். பத்தொன்பதில் மூடியிருக்கும். இவளுக்குப் பதினாலு, மிஞ்சினால் பதினஞ்சு.

அவனிடம் "பிரிண்டர் ரிப்பேர், நாளைக்கு அவளோட வாங்க" என்று அளந்தேன்.

டாக்டரிடம் காட்டினேன். "வயசு எழுதுறது ரிசப்ஷன். படம் எடுக்குறது நீ. வம்பு எதுக்கு?"

நர்ஸ் ஸ்டெல்லா அக்கா: "ஏலே, கேள்வி சரி. அந்தாளு முன்னாடியா கேப்ப? புள்ள எப்படி வாயத் திறக்கும்? மிசினுக்குத்தான்டா நீ லாயக்கு." என் போனைப் பிடுங்கி குழந்தைகள் உதவி எண்ணை அக்காவே போட்டுக் கொடுத்தது. பேசியது நான். விலாசம் கேட்டார்கள்.

சீட்டில் விலாசம் 'தாடிக்கொம்பு', வெறும் ஊர்ப்பேர்தான். போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைவு. அவள் திரும்பி வந்தால்தான் உண்டு.

ஏப்ரல் 17, வெள்ளி. காலையிலேயே அனல். இட்லி இறங்கவில்லை.

பதினொரு மணிக்கு அவன் மட்டும் வந்தான்.

"தம்பிக்கு சாணார்பட்டிப் பக்கமாமே? பூ மார்க்கெட்ல உங்க அப்பாவைப் பாத்துருக்கேன்." சிரிப்பு. "நேத்து கைய விட்டுட்டு என்னென்னமோ கேட்டீங்க."

"எல்லாப் பொம்பளைங்ககிட்டயும் கேக்குறதுதான்." முதுகெல்லாம் வேர்வை.

"முறிஞ்சிருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

திரையில் காட்டினேன். "இந்தக் கோட்டைப் பாருங்க. புள்ளைய நேர்ல பாக்கணும்."

பொய் இல்லை. கோடு இருக்கிறது.

செத்த நேரம் உற்றுப் பார்த்தான். "அம்புட்டு நீளமா விரிசல்? சனியன், இதுக்கு வேற செலவு. நாலு மணிக்குக் கூட்டிட்டு வாரேன்."

இப்போ 12.20. எழுத்தெல்லாம் கோணல். அவன் யாரிடமாவது படத்தைப் பற்றி விசாரித்துவிட்டால்? ஆள் சேர்த்துக்கொண்டு வந்தால்?

செய்ய வேண்டியது:

1. உதவி எண்ணுக்கு மறுபடி போன். மூணரைக்கே வரணும், போலீஸோடு.
2. அப்பாவுக்கு போன். நாளைக்கு மார்க்கெட் வேண்டாம். காரணம் கேட்டுக் கத்துவார், கத்தட்டும்.
3. 'கதிர்வீச்சு, உள்ளே வராதீர்' போர்டு கதவில்தான் தொங்குது. நேத்தே காட்டியிருக்கணும். இன்னைக்கு அவனுக்குக் காட்டணும்.
4. உள்ளே அவளும் அக்காவும் மட்டும். பேச்செல்லாம் அக்கா. நான் வாயைத் திறக்கக் கூடாது.
5. அக்கா உள்ளே தாழ் போடும். நான் வெளியே. அவனுக்கும் கதவுக்கும் நடுவில்.