ஹிகான் வாரத்தில் நான் செத்துப்போனேன்

செப்டம்பர் 8, திங்கள்

இன்று மட்டும் பதினேழு கறுப்புக் கோட்டு. முன்னோர் கல்லறையைக் கும்பிடும் ஹிகான் வாரத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் ஊரே பெட்டியைத் திறந்து கறுப்பு உடையைப் போட்டுப் பார்த்து, பொத்தான் எட்டாமல் எங்கள் சலவைக்கடைக்கு ஓடி வருகிறது. கல்லறைக்குள் இருப்பவர்கள் போன வருஷம் இருந்த மாதிரியேதான் இருக்கிறார்கள். கும்பிடப் போகிறவர்களின் இடுப்புதான் வருஷா வருஷம் பக்தியோடு வளர்கிறது. நான் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறேன்.

மத்தியானம் கசுயோ அண்ணி போன் செய்தாள். என் வீட்டுக்காரர் கென்சாக்குவின் அக்கா. அவர் போய் மூன்று வருஷமாகியும் எனக்கு நாத்தனாராக இருப்பதை அவள் விட்டபாடில்லை.

"டோக்கியே, உனக்கு ஒரு நல்ல காரியம் பண்ணிருக்கேன். என்னன்னு சொல்லமாட்டேன். ஹிகானுக்கு வந்து கண்ணால பாரு. அழுதுடுவ."

அவள் எனக்குச் செய்த நல்ல காரியம் எதிலும் நான் அழாமல் இருந்ததில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

தெரிந்துவிட்டது. கல்தச்சர் பேன்ட் தைக்கக் கொடுக்க வந்தார். கால் நீளம் அளக்கும்போது, "செவப்பு நல்லா எடுப்பா விழுந்திருக்கும்மா. உங்க நாத்தனார் நின்னு பார்த்துப் பண்ணச் சொன்னாங்க. நான்தான் பொறுப்பு, வேலைய முடின்னுட்டாங்க" என்றார்.

என் பெயர். மியாஷிட்டா குடும்பக் கல்லறையில், கென்சாக்குவின் பெயருக்குப் பக்கத்தில், என் பெயரைச் செதுக்கிச் சிவப்பு மை பூசியிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவள் என்பதற்குச் சிவப்பு. போனதும் மையை எடுத்துவிடுவார்கள். ரயிலில் முன்பதிவு செய்த இருக்கை மாதிரி. டிக்கெட் கேட்காதவளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

கல்தச்சரின் பேன்ட்டை இரண்டு விரல் குட்டையாக வெட்டிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. செய்திருந்தாலும் தப்பில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

நேற்று முழுக்க ஆத்திரம். எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

அந்தக் கல்லுக்கு அடியில் என் மாமியார் இருக்கிறார். மாமனாரும் இருக்கிறார், ஆனால் அவர் உயிரோடு இருந்தபோதே கணக்கில் வந்ததில்லை. மாமியாரோடு இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன். கடைசிப் பதினோரு வருஷம் அவருக்குச் சோறு ஊட்டி, உடம்பு துடைத்து, துணி மாற்றி விட்டேன். ஒவ்வொரு ஹிகானுக்கும் ஓஹாகி பிடிப்பேன். அரிசி உருண்டை மேல் இனிப்புப் பயறு பூசுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? ஆனால் ஒரு வருஷம் இனிப்புக் கம்மி, மறு வருஷம் திகட்டுகிறது. கடைசி வருஷம் அவருக்கு நாக்கில் ருசியே போய்விட்டது. அப்போதும் ஒரு வாய் மென்றுவிட்டு, "போன வருஷம் பரவால்ல" என்றார்.

ஒரே கூரைக்கு அடியில் இருந்தது போதாதா? ஒரே கல்லுக்கு அடியிலும் இருக்கணுமா? அதுவும் முடிவே இல்லாமல்?

ஏப்ரலில் பக்கத்து ஊர் மலைச்சரிவில் ஒரு கோயில் தோட்டத்தில் என் அஸ்திக்கு இடம் பதிந்துவிட்டு வந்தேன். கல் கிடையாது. ஒரு மேப்பிள் மரம், அடியில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணிக்கு எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறது. அதனால்தான் இந்தச் சிவப்பு.

எனக்கு ஒரே ஒரு வலி. கென்சாக்கு அந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறார். பாத்திரம் துடைக்கும்போது முனகிக்கொண்டே துடைப்பார், ஒரு பாட்டும் முழுசாகத் தெரியாது. அந்த மனிதர் இல்லாமல் மரத்தடியில் தனியாகக் கிடக்க எனக்கு ஆசையில்லை. அவர் வேண்டும், அவர் அம்மா வேண்டாம். ஆனால் அந்தக் கல்லறை அண்ணியின் ராஜ்ஜியம். ஒரு குச்சி ஊதுபத்தி ஏற்றுவதற்கே அவளிடம் உத்தரவு வாங்கவேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். சிவப்பு மை ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை. வரப்பெல்லாம் ஹிகான் பூ மொட்டு விட்டிருக்கிறது, அதுவும் சிவப்பு. எங்கே திரும்பினாலும் சிவப்பு.

மாமியார் கல்லைப் பார்த்து, "சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 17, புதன்

அறுபத்து மூன்று வயதில் நான் எங்கே படுக்கவேண்டும் என்று என்னைத் தவிர எல்லோரும் யோசித்து முடித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 20, சனி

இன்று ஹிகான் தொடக்கம். முதல் நாளே போய்க் கல்லறை கழுவுவது வழக்கம். நான் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

"பரவால்ல, நீ படு. எனக்கும் முட்டி வலி. கம்பெனிக்காரங்கள அனுப்பிட்டேன். மெஷின் வெச்சு பளிச்சுனு கழுவி, போட்டோவும் எடுத்து அனுப்பிட்டாங்க" என்றாள் அண்ணி.

கம்பெனி! முன்னோர் கடமை, முன்னோர் கடமை என்று முப்பது வருஷம் என் காதைத் தின்றவள், முன்னோரைத் துடைக்க இரண்டு கூலியாட்களை அனுப்பியிருக்கிறாள். கழுவுவதற்கு முன்பு, கழுவிய பிறகு என்று படம் வேறு. அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனில் அனுப்பியிருக்கிறாளாம். என் போன் பழசு, படம் வராது. நல்லதாகப் போயிற்று.

கடையில் வாங்கிய ஓஹாகி இரண்டு தின்றேன். திகட்டியது. மாமியார் இருந்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் அழைப்பு மணி. கதவைத் திறந்தால் மூன்று வீடு தள்ளி இருக்கும் ஹத்தோரி பெரியவர். கறுப்பு உடை (நான்தான் போன வாரம் இடுப்பைப் பிரித்துக் கொடுத்தேன்), கையில் ஊதுபத்திப் பெட்டி, வெள்ளைச் செவ்வந்தி. என்னைப் பார்த்ததும் பூவைக் கீழே போட்டார்.

"டோக்கியேம்மா... நீங்க... இருக்கீங்களா?"

"இருக்கேன். உள்ள வாங்க."

"உள்ள வர பயமா இருக்கும்மா."

தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் வாயிலிருந்து விஷயம் வந்தது. நேற்று அவர் தன் மனைவியின் கல்லறைக்குப் போயிருக்கிறார். பக்கத்தில் எங்கள் கல். புதுசாகச் செதுக்கிய என் பெயர், சிவப்பு இல்லாமல்! கம்பெனிக்காரர்கள் மெஷின் வைத்து அடித்த அடியில் காயாத மை மொத்தமும் போய்விட்டது. சிவப்பு போனால் ஆள் போய்விட்டாள். அவரா தப்பு? கல்லில் இருந்ததைத்தான் படித்தார்.

நேரே கோயிலுக்கு வேறு போய் எனக்காகப் பிரார்த்தனை கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ரொம்ப அழுதேன்மா" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பாவம், பொறுமைசாலின்னு எல்லாருமே சொன்னாங்க" என்றார்.

எல்லாருமேவா? அப்படியானால் ஊர் முழுக்கவா நான் செத்துப்போனேன்?

ஆமாம். அண்ணி அனுப்பிய படத்திலும் அதே சுத்தமான கல்தானே. பளபளப்பைப் பார்த்தவள் பெயரைப் பார்க்கவில்லை. என் சாவைச் சொந்தபந்தம் எல்லோருக்கும் அவளே தன் கையால் அறிவித்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் நாலு பூங்கொத்து வந்தது. வாங்கி வைத்தேன். உயிரோடு இருந்தபோது ஒருத்தரும் ஒரு காம்பு கொடுத்ததில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

நான் இருக்கிறேன் என்று சொல்லக் கோயிலுக்குப் போனேன். குருவின் மனைவி, எல்லோரும் கோயிலம்மா என்போம், என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு உங்களுக்குப் பேரே யோசிக்க ஆரம்பிச்சுட்டாரு, டோக்கியேம்மா."

இறந்தவர்களுக்குக் கோயிலில் வைக்கும் புதுப் பெயர். என்ன பெயர் என்று கேட்டேன். பொறுமை என்று அர்த்தம் தரும் எழுத்து ஒன்று வருகிறதாம். அதை எடுக்கச் சொன்னேன்.

பிறகு கோயிலம்மா கல்லறைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "யாரு போயிட்டாங்கன்னு சரி பார்க்கத்தான் நேத்து எடுத்தேன். எடுத்தப்புறம் எங்களுக்கே குழப்பம். பேர் செதுக்க நீங்க எப்ப சம்மதம் குடுத்தீங்க? கல்லறைக்குப் பொறுப்பாளர் நீங்கதானே."

நானா?

கென்சாக்குதான் பொறுப்பாளர். அவர் போனபின் மனைவி பெயரை எழுதியிருக்கிறார்கள். மூன்று வருஷமாக அந்தக் கல் என் பொறுப்பு. யாரை வைப்பது, யாரை எடுப்பது, எல்லாம் என் கையெழுத்து. நிஷினோ குடும்பத்துக்குக் கட்டிக்கொண்டு போன அண்ணிக்கு அங்கே ஒரு பிடி மண்ணில்கூட உரிமை கிடையாது. அவர் போன சமயம் நீட்டிய தாளில் எல்லாம் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன். இது எந்தத் தாள் என்று யார் பார்த்தார்கள்?

வரும் வழியில் நடைபாதையில் நின்று தனியாகச் சிரித்தேன். செத்தவள் சிரித்தால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய். பகலும் இரவும் சமமான நாள்

ஊரே கல்லறையில் இருந்தது. வாளி, அகப்பை, பூ, ஊதுபத்திப் புகை. என்னைப் பார்த்து இரண்டு பேர் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

அண்ணி கல்லின் முன்னால் மடக்கு நாற்காலியில் போனோடு உட்கார்ந்திருந்தாள். அவளை என்ன கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் கூர்தீட்டிக்கொண்டு வந்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பதினாலு பேரு எழுதிருக்காங்க, டோக்கியே. 'உங்க அம்மாகிட்ட பட்ட பாடு போதும், இனியாவது அவ நிம்மதியா இருக்கட்டும்'னு. பதினாலு பேரும் அதையேதான் எழுதிருக்காங்க. பேசி வெச்சா எழுதினாங்க?"

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"நன்றின்னு போட்டேன். வேற என்ன போடறது?"

அவள் கண் வீங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லை என்றுதான் எழுதுகிறேன்.

சொல்லிவிட்டேன். பதிவேட்டில் என் பெயர் இருப்பது. கல்லிலிருந்து என் பெயரை எடுக்கப்போவது. மேப்பிள் மரம். கென்சாக்குவை எடுத்துக்கொண்டு போகப்போவது. கத்துவாள் என்று காத்திருந்தேன். பக்கத்துக் கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த குடும்பமும் காத்திருந்தது.

கத்தவில்லை. கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள்.

"அப்ப அந்த எடத்துல என் பேரைப் போடு."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. "உங்களுக்கு நிஷினோ வீட்டுக் கல்லறை இருக்கே, அண்ணி."

"அந்த வீட்டு ஆளுங்களோடயா? எம் மாமியாரோடயா? நாப்பத்தாறு வருஷம் போதாதா?" கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். "நான் எங்கம்மாகிட்ட போறேன். நீ வேற எடத்துக்குப் போயிட்டா இங்க தண்ணி ஊத்த ஆளில்லாம கல்லையே மூடிடுவாங்களோன்னு பயந்துதான் உன் பேரைச் செதுக்கினேன். நீ இருந்தா கல்லு இருக்கும். கல்லு இருந்தா என்னிக்காவது நானும்..."

அடிப்பாவி! மருமகள் என்றால் மாமியாரோடுதான் என்று எனக்குச் சட்டம் போட்டவள், தன் மாமியாரிடமிருந்து தப்பிக்க என்னைக் கல்லில் ஆணியடித்து வைத்திருக்கிறாள். இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் போனில் ஒரு படத்தை ஒழுங்காகப் பார்க்கத் தெரியவில்லை.

அங்கேயே சிரித்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே முறைத்தாள்.

"போடறேன், அண்ணி. நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். சிவப்பு மை காயறவரைக்கும் கம்பெனிக்காரங்களக் கூப்பிடாதீங்க."

செப்டம்பர் 26, வெள்ளி

ஹிகான் முடிந்தது. கறுப்புக் கோட்டெல்லாம் மறுபடி வந்து குவிகிறது, ஊதுபத்தி வாசனையோடும் பயற்றுக் கறையோடும்.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்று கல்லைத் திறந்தோம். குரு ஓதினார். கல்தச்சர் கீழே இறங்கிக் கென்சாக்குவின் எலும்பு ஜாடியைத் தூக்கிக் கொடுத்தார். பேன்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அண்ணியின் பெயர் பளிச்சென்று சிவப்பாக இருக்கிறது. அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து விரலைத் துடைத்துக்கொண்டாள்.

ஜாடியை வாங்கித் துணியில் கட்டப்போனேன். அண்ணி குனிந்து அந்தக் குழிக்குள் பார்த்தாள். இருட்டு. ஓரத்தில் மாமனார் ஜாடி. நடுவில் மாமியார் ஜாடி, எல்லாவற்றிலும் பெரியது. அண்ணி வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் முழங்கையைப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"டோக்கியே. பாதியை வெச்சிட்டுப் போயேன்."

"என்னது?"

"கென்சாக்குல பாதி. அப்பா வாயே திறக்கமாட்டாரு." கல்தச்சருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "அம்மாகூட என்னைத் தனியா விட்டுடாதம்மா."

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. இருபத்தெட்டு வருஷமாகச் சேர்த்து வைத்தது. அதை விட்டுவிட்டு இன்னொரு ஜாடி கேட்டேன்.

கோயிலம்மா சின்ன ஜாடி ஒன்று கொண்டுவந்தார். தகனத்தன்று செய்த மாதிரியே நானும் அண்ணியும் ஆளுக்கொரு நீளக் குச்சி பிடித்து எலும்பை ஒவ்வொன்றாகச் சேர்ந்து தூக்கி வைத்தோம். பெரிய பாதியை அவளுக்கு விட்டேன்.

பஸ்ஸில் அவரை மடியில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். ரொம்ப லேசாக இருந்தார். மீதிக் கென்சாக்கு அங்கே அம்மாவோடு இருக்கிறார், அக்காவும் வருவாள். அன்றைக்கெல்லாம் பேச்சு வாங்க நான் இருந்தேன், அவர் பாத்திரம் துடைக்கப் போய்விடுவார். இனி அவரே வாங்கிக்கொள்ளட்டும்.