சக்கரவள்ளிப் பாரைக் கலைத்த வாரம்

ஐப்பசி 6, வெள்ளி

தூறல். பல் கிட்டும் குளிர். தோட்டப் பார்வை முடிந்தது.

இன்று என் கொல்லையில் நின்றவர்கள்: ஜப்பான்காரன், கண்ணாடி போட்டவன், பேர் வாயில் நுழையவில்லை. அவன் பேச்சை நமக்குச் சொல்ல, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தாமஸ். கங்காணி முத்துவீரன். பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி, வேலிக்கு அந்தப் பக்கம். என் மூத்தவன் ராமசாமி. அவன் பெண்டாட்டி வள்ளி, இடுப்பில் கைக்குழந்தை. மற்ற மூன்று பேரப்பிள்ளைகள். நான்.

நிற்காதவன் சின்னவன் மா. முழுப்பேர் எழுதவில்லை. சயாமில் ரயில் ரோடு போட ஆள் எடுத்தபோது அவன் பேரும் வந்தது. ஈப்போ பக்கம் ஓடிவிட்டான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னோம். ஓடவில்லை. கவாத்து வெட்ட ஆளில்லாமல் தேயிலை எல்லாம் மரமாகிக் கிடக்கிறது. அதற்குள் இருக்கிறான். எந்த மலை என்று எழுதமாட்டேன்.

அரிசி இல்லை என்பதால் கூலிக்காரர் லயத்தில் ஒவ்வொரு வீடும் பயிர் போட உத்தரவு. என் கொல்லையில் இருப்பது: சக்கரவள்ளி, மண்ணை மேடாக அணைத்த பதினாறு பார். மரவள்ளி, அது இந்தக் குளிரில் விரல் பருமனுக்கு மேல் போகாது. பூசணி. சோளம். சௌசௌக் கொடி, அதில் பாதியை ஆரோக்கியமேரி போன வருசம் அறுத்துத் தின்றாள், நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை.

லயத்திலேயே நல்ல கொல்லை என்னுடையது என்றான் ஜப்பான்காரன். பரிசு ஒரு சிரட்டை உப்பு. உப்பைப் பார்த்ததும் புத்தி கெட்டுப் போனது எனக்கு.

யார் வெட்டிய பார் என்று கேட்டான். நான்தான் என்றேன். அவன் சிரித்து, மண்வெட்டியை என் கையில் கொடுத்து வெட்டிக் காட்டச் சொன்னான். நாலு வெட்டு வெட்டினேன். இடுப்பு கழன்றது போல வலி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கங்காணியும் ஜப்பான்காரனும் மட்டும் மண்ணைப் பார்த்தார்கள்.

ஐப்பசி 7, சனி

காலையில் மழை இல்லை. பூசணிப் பூ மூன்று உதிர்ந்திருந்தது. வள்ளிக்குப் பல்வலி.

கங்காணி தனியாக வந்தான். கொல்லையில் குந்தினான். வெற்றிலை இருக்கிறதா என்றான். இருந்தால் உனக்கா கொடுப்பேன் என்றேன். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"பெரியம்மா, முப்பது வருசமா மண்வெட்டிக்காரனுங்க பின்னால நிக்கிறேன். ஆள் மூஞ்சி மறந்தாலும் வெட்டு மறக்காது. பார் எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. நீங்க வெட்டின நாலு வெட்டு மட்டும் எதிர்ப் பக்கம்."

நான் உதிர்ந்த பூசணிப் பூவைப் பொறுக்கினேன்.

"இது நொட்டாங்கைக்காரன் வெட்டு. இந்த லயத்துல நொட்டாங்கை யாருக்குன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

மா. இடக்கைக்காரன். விடியும்போது மூடுபனியில் இறங்கி வந்து நாலு பார் வெட்டிவிட்டு, இருக்கிற கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு ஏறிவிடுவான். என் இடுப்புக்காகச் செய்தான். வராதே என்றால் கேட்கவில்லை.

கோலா தெர்லா ஊரிலிருந்து சீனன் ஒருத்தன் வந்து வெட்டிக் கொடுத்தான், கூலிக்கு ஒரு கூடை கீரை வாங்கிப் போனான் என்றேன். வாயில் வந்த பொய். கங்காணி தலையாட்டினான். நம்பினான் என்று இல்லை.

ஜப்பான்காரனும் ஊரில் மண்வெட்டி பிடித்தவனாம். திரும்பிப் போகும்போதே கேட்டிருக்கிறான், இங்கே நொட்டாங்கை ஆள் உண்டா என்று. விசாரிக்கிறேன் என்று கங்காணி சொல்லி வைத்திருக்கிறான். திங்கள் மறுபடி வந்து பார்ப்பானாம்.

"அதுக்குள்ள என்ன செய்யணுமோ செஞ்சிக்குங்க. நான் இங்க வரல."

இவன் நல்லவனா கெட்டவனா என்று எனக்குப் பிடிபடவில்லை. பெண்டுகளைப் பிரம்பால் அடித்தவன். அதையும் மறக்கவில்லை.

ராமசாமியிடம் சொன்னேன். கீழ் லயத்தில் தம்பி ஓடியதற்கு அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு நாலு பிள்ளைம்மா, நாலு பிள்ளைம்மா என்று.

ஐப்பசி 8, ஞாயிறு

மழை. நல்ல மழை.

எங்கும் போக வழியில்லை. பக்கத்து டவுன் தானா ராத்தாவுக்குப் போகவே சீட்டு வேண்டும். மேலே காடு, கீழே காவல், நடுவில் என் பதினாறு பார்.

அந்தப் பதினாறையும் கலைத்துவிட முடிவு செய்தேன். பார் இருந்தால்தானே சாய்வு தெரியும். மழையில் கிழங்கு அழுகுகிறது, அதனால் தோண்டினேன் என்று சொல்லலாம். கிழங்கு இன்னும் ஒரு மாதம் மண்ணில் கிடக்க வேண்டியது. சுண்டுவிரல் தண்டிதான் இருக்கும். இருக்கட்டும்.

ராமசாமியைக் கூப்பிட்டேன். மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும் என்றான். வரவில்லை.

நானே வெட்டினேன். மூன்றாவது பாரில் இடுப்பு பிடித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ வேலியைத் தாண்டும் சத்தம். ஆரோக்கியமேரி, கோயிலுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையைக் கூட மாற்றாமல், கையில் அவள் வீட்டு மண்வெட்டி. ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது பாரிலிருந்து வெட்ட ஆரம்பித்தாள்.

பத்தாவது பாரில் சொன்னாள், "உன் சௌசௌவுக்காக வரல. அந்தப் பையன் எனக்கும் விறகு வெட்டிப் போட்டவன்."

அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ. வெளியே சொல்லவில்லை.

பொழுது சாயும்முன் பதினாறும் மண்ணோடு மண். கிழங்கு இரண்டு கூடை, எலி வால் மாதிரி. ஒரு கூடையை அவளிடம் தள்ளினேன். எடுத்துக்கொண்டாள். இன்னும் பேசவில்லை நான்.

ஐப்பசி 9, திங்கள்

காலையில் வெயில் அடித்தது.

வந்தார்கள். ஜப்பான்காரன் கலைந்த கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றினான். ஒரு கிழங்கை எடுத்துத் துடைத்துப் பார்த்தான். ஏன் வீணாக்கினாய் என்று கேட்பதாகக் கிராணி சொன்னார். அழுகல், துரை என்றேன். வெட்டியது யார் என்றதற்குச் சீனன் கதையைச் சொன்னேன். சொன்னபடியே சொன்னேன், ஒரு சொல் மாறாமல். அந்தச் சீனனை நானும் பார்த்தேன் என்று கங்காணி சொன்னான். சொன்னான், அது உண்மை, எழுதி வைக்கிறேன்.

ஜப்பான்காரன் கிழங்கைக் கீழே போட்டான். கையைத் தட்டிக்கொண்டான். திரும்பினான். நான் மூச்சு விட்டேன்.

கிராணி புத்தகத்தைத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டு, "இந்த வீட்டு ஆம்பள பேரு ராமசாமிதானே?" என்றார்.

அவ்வளவுதான். ராமசாமி முன்னால் வந்தான்.

"தம்பி ஈப்போவுல இல்லைங்க. மேலதான் இருக்கான். நான் கூட்டிட்டுப் போறேன்."

கங்காணி கண்ணை மூடிக்கொண்டான். கிராணி அதை ஜப்பான் பேச்சில் சொல்லத் தயங்கினார். ஜப்பான்காரனுக்குச் சொல்லாமலே புரிந்தது.

கிராணி எழுத வந்தது வேறு. காலி மண்ணில் அடுத்த மாதம் சோளம் போட வேண்டும், விதை வாங்கிக்கொள்ள வீட்டு ஆள் பேர். பிறகு அவரே சொன்னார், தலையைத் தூக்காமல்.

மத்தியானம் கொண்டுவந்தார்கள். மாணிக்கம். இனி முழுப்பேர் எழுதினால் என்ன. தாடி, முழங்காலில் மண், கை கட்டியிருந்தது. லோரி ரோட்டில் நின்றது. கொல்லையைத் தாண்டும்போது நின்று பார்த்தான்.

"பாரையெல்லாம் யாரும்மா கலைச்சது?"

ஆரோக்கியமேரி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பெருச்சாளி கலைச்சிட்டுது தம்பி, மறுபடி போட்டுக்கலாம் என்றாள். அவன் சிரித்தான். லோரியில் ஏற்றிவிட்டார்கள்.

ஐப்பசி 11, புதன்

மூடுபனி. சோளம் ஊன்றவில்லை.

ஆரோக்கியமேரியிடம் பேசினேன். சௌசௌக் கொடியில் எது வேண்டுமானாலும் அறுத்துக்கொள் என்றேன். சரி என்றாள்.

வள்ளி சோற்றுக்குப் பதில் கிழங்கு வைத்தாள். அழுதுகொண்டே வைத்தாள். அவளுக்கு நாலு பிள்ளை, அவள் மேல் கோபம் இல்லை. கங்காணி பிரம்படியைக் கூட விட்டுவிடுகிறேன். கிராணி பென்சிலையும் விட்டுவிடுகிறேன். ஜப்பான்காரன் வேறு ஊர்க்காரன், அவன் கணக்கு எனக்குத் தெரியாது.

இருக்க வேறு வீடு இல்லை. இந்த அடுப்பு, இந்தக் கூரை, மூத்தவன் கொண்டுவரும் விறகு. விடிந்ததிலிருந்து கொல்லையில் எனக்காகப் பார் போடுகிறான். வலக்கை வெட்டு. அம்மா, சரியா இருக்கா பாருங்க என்று இரண்டு தரம் கூப்பிட்டான். போகவில்லை.

எல்லாரையும் விட்டுவிடுவேன். ராமசாமியை விடமாட்டேன்.