கடவுள் வாழ்த்து என்று நாம் நினைத்த பாட்டு

அக்கா,

இன்று காலை முகப்பேரில் ஒரு லேபில் ரத்தம் கொடுக்கப் போனேன். அந்தப் பெண் கையில் ஸ்பிரிட் தடவியதும் உங்கள் வீட்டு முன்னறைக்குப் போய்விட்டேன். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து டேப்ரெக்கார்டர் ஹெட்டைத் துடைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். "ஊசிக்கா ஆன்ட்டி அழுவுறீங்க?" என்றாள்.

எண்பதுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸில் நமக்கு அடுத்தடுத்த வீடு. பயிற்சிக்கு ஜெர்மனி போன உங்கள் வீட்டுக்காரர், அங்கே உடன் தங்கியிருந்தவரிடம் ஒரு முழு ஓபெராவை, பாட்டாலேயே நடக்கிற ஜெர்மன் நாடகத்தை, நாலைந்து கேசட்டில் பதிவு செய்து வாங்கி வந்தார். கேசட் மேல் ஒன்றும் எழுதவில்லை. எது முதல், எது கடைசி என்று மனுஷனுக்கே தெரியாது.

நாமே வரிசை போட்டோம். ஒரு கேசட்டில் ஒரு பெண் தனியாக, நிதானமாகப் பாடுகிறாள். "இதுதாம்ட்டி கடவுள் வாழ்த்து" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். எனக்கும் சரியென்றே பட்டது. நாம் பார்த்த நாடகமெல்லாம் அப்படித்தானே தொடங்கின. அன்றிலிருந்து மத்தியானம் பாத்திரம் கழுவிப் போட்டுவிட்டு வந்ததும் முதலில் அந்தப் பாட்டு. அது முடியும்வரை என்னைக் காலை நீட்டக்கூட விட்டதில்லை நீங்கள்.

முதலில் எனக்குத் தலைவலிதான் வந்தது. ஒரு சொல்லை இழுக்கத் தொடங்கினால், நான் போய் அரிசி களைந்து வைத்துவிட்டு வரலாம். மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது என்று பூந்தமல்லி ரேடியோ கடை பாயிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மெஷின் நல்லாத்தான் கீதும்மா. பாட்டே இப்டித்தான் கீது" என்றார். பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்தோம். எப்போது அந்த இழுப்பு என்னையும் பிடித்துக்கொண்டது என்று தெரியவில்லை. ஒரு நாள் கேட்காவிட்டால் கை ஓடவில்லை.

பிறகு உங்கள் சிறுநீரகம் இரண்டும் போயிற்று. டயாலிசிஸ் முடிந்து வந்தால் கண் திறக்கவே முடியாது உங்களால். "போதும்ட்டி, குத்துறதுக்குக் கையில இடமில்ல" என்றீர்கள். எனக்குப் பைத்தியம் பிடித்தாற்போல் ஆனது. "கதை என்னன்னே தெரியல, அதுக்குள்ள எங்க போறீங்க?" என்று சண்டை போட்டேன். அந்தக் கதையைக் கேட்கிற ஆசையாவது உங்களைப் பிடித்து வைக்காதா என்றிருந்தது. தெரிந்தவர் யாரென்று விசாரித்து விசாரித்து, அம்பத்தூரில் ஜெர்மன் சொல்லிக் கொடுக்கிற ஓர் அம்மாவைப் பிடித்தேன். கேசட்டுகளைப் போட்டுக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: நம் கடவுள் வாழ்த்துதான் கடைசிப் பாட்டாம். காதலன் செத்துக் கிடக்கிறான். பக்கத்தில் நின்று பாடுகிறாள். பாடி முடித்ததும் அவளும் சாய்ந்துவிடுகிறாள்.

உங்களைப் பிடித்து வைக்கக் கதை தேடப் போய், இதையா நான் கொண்டுவர வேண்டும்? என் முகத்தைப் பார்த்தே கேட்டு வாங்கிவிட்டீர்கள். கேட்டதும் அப்படி ஒரு சிரிப்பு, இருமல் வரும்வரை.

"அப்போ தெனமும் செத்துட்டுத்தான் ஆரம்பிச்சிருக்கோம், என்னட்டி?"

அந்த மாதமே போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரிடம் கெஞ்சினேன், சாமியிடம் கெஞ்சினேன், கடைசியில் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். நீங்கள் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர் கேசட்டுகளை என்னிடமே கொடுத்துவிட்டார். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, சரியான வரிசையில், முழுவதும் கேட்டேன். ஜெர்மன் எனக்கு இன்றும் ஒரு சொல் தெரியாது. ஆனால் அவள் ஏன் அப்படி விடாமல் பாடுகிறாள் என்று தெரிந்தது. நிறுத்திவிட்டால் அவன் செத்தது உண்மையாகிவிடும். நானும் இத்தனை வருஷமாக அடுப்படியில், பஸ்ஸில், இன்று அந்த லேபில்கூட, உங்களிடம் பேச்சை நிறுத்தவே இல்லை அக்கா.