மனுஷருக்குப் போதும்

மார்ச் 4

இன்றைக்கும் கேபிள் இழுத்தே பொழுது போனது. இடுப்பு கழன்று விழாததுதான் பாக்கி. தங்கியிருப்பது இந்த ஊர் நர்ஸ் சிஸ்டர் வீட்டு முன்னறையில். பக்கத்தில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி: இரண்டு கட்டில், குழந்தை நிறுக்கும் தராசு, பாதி நாள் காலியாகக் கிடக்கும் டிரம். லாரி வந்தால்தான் தண்ணீர். அந்த லாரியையும் நிறுத்தப் போகிறார்கள். நிலத்துக்கடியில் தண்ணீர் இருக்கும் இடத்தை நான் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஊரையே காலி செய்வார்கள். இதைச் சொல்லித்தான் ஆபீஸில் அனுப்பினார்கள்.

மார்ச் 5

வேலை சொல்வதற்குச் சின்னது. இரும்புக் கம்பிகளைத் தரையில் அடித்து, கரண்டை உள்ளே விட்டு, நிலம் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது. காய்ந்த பாறை தடுக்கும், ஈரம் வழி விடும். ஆனால் இங்கே மேல்மண் சுண்டிக் கிடக்கிறது. கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினால்தான் கரண்டே இறங்குகிறது.

ஊற்றிக்கொண்டிருந்தபோது சிஸ்டரின் வீட்டுக்காரர் ஆடுகளோடு வந்து நின்றார். "குடிக்கவே இல்லாத ஊர்ல மண்ணுக்கு ஊத்துறீங்களே மேடம், மண்ணு என்ன உங்க சம்பந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. என் குளியலுக்கு வைத்த தண்ணீரைத்தான் இனி ஊற்றுவது. நாறினால் நாறிவிட்டுப் போகிறேன்.

மார்ச் 7

வெயில். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 11

இரண்டு இடம் தேறியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒன்று. அங்கே கரண்டு வெண்ணெயில் கத்தி போல இறங்குகிறது. அவ்வளவு சுலபமாக நல்ல தண்ணீர் கரண்டை விடாது, உப்புத் தண்ணீர்தான் விடும். இன்னொன்று வறண்ட ஆற்றுக்கு அந்தப் பக்கம், கல்மேட்டில். பாறைக்குள் ஒரு வெடிப்பு. தடயம் மங்கலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் என் மனசு அங்கேதான்.

சாயங்காலம் ஊரைக் கூட்டிச் சொன்னேன். சிஸ்டரின் வீட்டுக்காரர் எழுந்தார். "பின்பக்கம் தண்ணி இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா உப்பா இருக்கும்."

"குடிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? வாசல்ல இருக்கிறத விட்டுட்டு மேட்டுல ஏறி எவன் குடம் தூக்குறது?"

அவர் கேட்பதும் நியாயம்தானே.

மார்ச் 12

ஆபீஸுக்குப் போன் செய்தேன். "ஊர் காட்டுற இடத்துலயே போடும்மா. நாளைக்கு நம்ம தலை உருளக் கூடாது." டீசல் ஒரு துளைக்குத்தான் என்றார்கள்.

பிறகு வீட்டிலிருக்கும் இவரைக் கூப்பிட்டேன். "சண்டை போட்டியா?" என்றார். போட்டேன் என்றேன். "தோத்தியா?" தோற்றேன். "சரி, சாப்பிட்டுப் படு."

மார்ச் 15

ரிக் வண்டி வந்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துளை போட்டது. எதிர்பார்த்ததைவிடக் குறைந்த ஆழத்திலேயே தண்ணீர் பீறிட்டது. நனையட்டும் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். சிஸ்டர் அழுதாள். அவள் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் ஏந்தி முதல் ஆளாகக் குடித்தார். குடித்ததைத் துப்பினார்.

உப்பை நானே கொண்டுபோய்க் கலந்ததுபோல சிஸ்டர் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேனே — நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். நான் சொன்னதுதான் நடந்தது. நடக்காமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 16

காலையில் ரிக் வண்டிக்காரர் வந்தார். வண்டியைக் கிளப்பப் போவதாகச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"உப்புத்தண்ணி மேலேயே வந்துட்டதால டீசல் மிச்சம் இருக்கு. உங்க மேட்டுல போட்டுப் பாக்கலாம்."

"ஆபீஸ்ல கேட்டா என்னண்ணே சொல்றது?"

"கேட்டா பாத்துக்கலாம். நேத்து ஒரு பிரசவம். சிஸ்டர் என்கிட்ட வந்து கை கழுவத் தண்ணி கேட்டுச்சு. வண்டியில வச்சிருந்த கேன குடுத்தேன். அதுக்கப்புறம் எப்படிக் கிளம்புறது, சொல்லுங்க."

மார்ச் 17

கல்மேட்டில் மத்தியானம் வரை புழுதிதான். ஊரிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நானே நம்பிக்கையை விட்டுவிட்ட நேரத்தில் கல்தூள் ஈரமாக வந்தது, பிறகு கலங்கலாகத் தண்ணீர். தெளியவிட்டு நாக்கில் வைத்தேன். நல்ல தண்ணீர். ரிக்காரர் கல்லின் மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 19

பம்பு வைத்து இறைத்துப் பார்த்தேன். மட்டம் சரசரவென்று இறங்குகிறது, திரும்ப ஏற நேரமெடுக்கிறது. எந்தக் கணக்குப் போட்டாலும் ஒரே விடை.

சிஸ்டர் வீட்டில் அவர்கள் இருவரிடமும் முதலில் சொன்னேன். "மனுஷருக்குப் போதும். ஆட்டுக்குப் போதாது."

"பங்கு வச்சுக் குடுத்தா?" என்றார் அவர்.

"கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் ரெண்டு பேருக்குமே இருக்காது."

அவர் தோள் துண்டை எடுத்து உதறினார். "அன்னிக்கு உப்புன்னீங்க. இன்னிக்கு இது. ஒரு தடவையாச்சும் பொய் சொல்லக் கூடாதா மேடம்?"

சிஸ்டர் துணி மடிப்பதை நிறுத்தவேயில்லை.

மார்ச் 21

ஆடுகளை ஓட்டிக்கொண்டு வடக்கே தன் தங்கை வீட்டுப் பக்கம் கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு சிஸ்டர் எப்படிப் போவாள்? வாசல் வரை வந்தாள். "மாத்திரை பையில இருக்கு" என்றாள். அவர் தலையாட்டினார். உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது, திரும்பிப் போய்விட்டாள்.

ஊர் பிழைத்தது என்கிறார்கள். ஒரு வீட்டை இரண்டாக்கிவிட்டேன், எனக்குத் தெரிவது அதுதான். தூங்க வேண்டும்.

ஜூலை 9

வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன். சிஸ்டரின் வீட்டுக்காரர். ஆடு பாதிதான் மிஞ்சியிருக்கிறதாம்.

"சிஸ்டர் எப்படி இருக்காங்க?"

"போன மாசம் வந்துட்டுப் போனா. தலைக்குக் குளிச்சிட்டு வந்திருந்தா. இங்கயும் துளை போடணும்னு நிக்கிறாங்க மேடம். பள்ளத்துல போடலாம்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். நீங்க ஒரு தடவை வந்து பாத்துச் சொல்லுங்க."

"நல்லதாத்தான் சொல்வேன்னு வாக்குக் குடுக்க முடியாதே."

"நல்லதா சொல்றதுக்கு இங்க நிறைய ஆளு இருக்கு மேடம்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இவரிடம் இன்னும் சொல்லவில்லை.