இரவல் நாற்காலியில் ராஜபாண்டி

தாராவி

அன்பு மகள் ஆனிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில், மழையும் மாநகராட்சியும் அனுமதித்த அளவுக்கு நானும் அம்மாவும் நலம். நீ அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.

நீ அந்த ஊரில் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களின் குறை கேட்டு எழுதும் வேலை பார்க்கிறாய். இங்கே அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள். எதிர்வீட்டு ராஜபாண்டி கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்திருக்கிறான். அவன் மனைவி பேராச்சி செம்பூரில் வீட்டு வேலைக்குப் போகிறாள். பகலில் அவனைத் திருப்பிப் படுக்க வைக்கவும் கஞ்சி கொடுக்கவும் ஆள் வேண்டும் என்று பத்தாவது படிக்கும் மகள் கோமதியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பகலில் ஓர் ஆளை அனுப்பும் ஏற்பாடு பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. ஸ்மிதா என்ற சமூகப்பணிக்காரப் பெண் வந்து பார்த்து எழுதினால் போதும்.

வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பினாள். உடனே வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ராஜபாண்டிக்குச் சவரம் செய்து பவுடர் போட்டு, நம் வீட்டுக் கை வைத்த நாற்காலியில் தூக்கி உட்கார வைத்தார்கள். நாற்காலியையும் திரைச்சீலையையும் முந்திரி போட்ட கேசரியையும் கொடுத்தது உன் அம்மா. உடம்பு எப்படி என்று அந்தப் பெண் கேட்டதற்கு, ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ் மேடம், ரொம்ப நல்லாருக்கேன், அடுத்த வாரம் வேலைக்குப் போறேன் என்றானாம். தகப்பனார் தேறிவிட்டார், உதவி தேவையில்லை, அக்கம்பக்கத்து ஆதரவு மிகச் சிறப்பு என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஆதரவு நம் நாற்காலிதான்.

பேராச்சியிடம் ஏனம்மா இப்படி என்றேன். வீட்டுக்கு வந்த பிள்ளைட்ட நம்ம கஷ்டத்தக் கொட்டச் சொல்லுதியளா அண்ணாச்சி என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஸ்மிதாவிடம் உள்ளதைச் சொல்லி, இந்த முறை சொல்லாமல் கொள்ளாமல் வாம்மா என்றேன். சொல்லாமல் வருவது அந்தக் குடும்பத்தின் கண்ணியத்துக்குக் குறைவு என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்களாம். ஆகவே மறுபடியும் சொல்லியனுப்பினாள், மறுபடியும் பவுடர். நாற்காலி தரமாட்டேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். இந்த வீட்டில் என் பேச்சு எடுபடும் விதம் உனக்குத் தெரியும்.

இந்த முறை நானும் போய் நின்றேன். ராஜபாண்டி பழையபடி ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றான். பேராச்சி கேசரியை நீட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள், தண்ணீர் கொண்டு வந்த கோமதி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு இந்தியில் சொன்னாள்: “மேடம், எங்கப்பாவை ஒரு தடவை எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்க.” ஸ்மிதா சொல்லவில்லை. அவனாகவே கைப்பிடியை ஊன்றி முயன்று பார்த்தான். நான் போய்த் தாங்கிப் பிடித்தேன். அவன் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. பேராச்சி தட்டை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து பகலில் ஓர் அம்மாள் வருகிறார். கோமதி பள்ளிக்கூடம் போகிறாள். பேராச்சி மகளோடு பேசுவதில்லை. சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று நம்மோடும் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், பிள்ளை பரீட்சை எழுதினால் சரி.

நீ போகிற வீடுகளில் பலகாரம் ரொம்ப நன்றாக இருந்தால் சீக்கிரம் எழுந்து வந்துவிடாதே, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார். குளிருக்குக் காதை மூடிக்கொள். மாதாவின் துணையும் எங்கள் ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு. முக்கியமாக ஒன்று: வீடியோவில் கூப்பிடும்போது அம்மா முட்டி வலியே இல்லை என்று சிரிப்பாள். நாலடி நடந்து காட்டச் சொல்.

அன்புள்ள அப்பா,
சிங்கராயர்